ஊட்டித் திருப்பு

மேட்டுப்பாளையத்தில் பெரியப்பாவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போர்டு கிடையாது. தேவையும் இருக்கவில்லை. ஊட்டிக்கு ஏறுகிற வண்டி எதுவானாலும் அடிவாரத்தில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறும். அது நிற்கிற இடத்துக்கு இருபதடி தள்ளிப் புளியமரத்தடியில் ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். எழுந்திருக்க மாட்டார். இரைச்சலைக் கேட்டே, "பெட்ரோல் சாஸ்தியாப் போகுது, பானெட்டைத் தூக்கச் சொல்லு கண்ணு" என்பார். டிரைவர் டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நோயும் மருந்தும் கூலியும் முடிவாகியிருக்கும்.

எண்பதுகளில் பள்ளிக்கூட லீவு விட்டால் நான் அங்கே எடுபிடி. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவுவது, திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டில் கை துடைக்கத் தோதானதைப் பொறுக்கி வைப்பது ஆகியவை என் இலாகா. டியூனிங் என் இலாகா அல்ல. அது பெரியப்பா மட்டும் செய்வது, கிட்டத்தட்ட பூஜை.

முதலில் வண்டியின் பின்பக்கம் போவார். சைலன்சர் வாயருகே குந்தி, உள்ளங்கையைக் குவித்துப் பிடித்து, அதில் வந்து மோதும் புகையை மூக்குக்குக் கொண்டுபோவார். இரண்டே இழுப்பு. கண் எரிந்தால் பெட்ரோல் அதிகம். வாடையே இல்லாமல் சூடு மட்டும் வந்தால் காற்று அதிகம். அப்புறம் முன்பக்கம் வந்து, மரப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே முடுக்குவார். மெத்தென்று போய் உட்கார வேண்டும், அழுத்தினால் ஊசிமுனை பாழ். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே. அங்கிருந்து எஞ்சினை ஓட விட்டு, இம்மி இம்மியாக ஒரு பக்கம் திருப்புவார், எஞ்சின் தடுமாறும். மறுபக்கம் திருப்புவார், தொண்டை கட்டியதுபோல் குடுகுடுவென்று இழுக்கும். மறுபடி அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். இடைவெளி குறைந்துகொண்டே வந்து, சட்டென்று ஒரு இடத்தில் கையை எடுத்துவிடுவார்.

"எப்படிப் பெரியப்பா அந்த எடம்தான்னு தெரியும்?"

"தெரியாது. அந்தப் பக்கமும் தப்பு, இந்தப் பக்கமும் தப்பு. நடுவுல நிறுத்திப்போட்டுக் காசு வாங்கிக்கோணும்."

சந்தேகம் தீர பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் உண்டு. அவர் சாஸ்திரத்தில் பிளக்குக்கு மூன்றே நிறம்: அடுப்புக்கரி, காபிப்பொடி, விபூதி. கரி என்றால் பெட்ரோல் மிகுதி, விபூதி என்றால் காற்று மிகுதி, காபிப்பொடி என்றால் டிரைவர் புண்ணியவான். விபூதி வந்தால் மட்டும் முகம் மாறும். கரி பிடித்தால் செலவு, வெளுத்தால் பிஸ்டனுக்கே ஆபத்து என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு இன்றைக்கும் சரிதான்.

ஆனால் ஒர்க்‌ஷாப்புக்குப் பெயர் வாங்கித் தந்தது இதெல்லாம் இல்லை, 'ஊட்டித் திருப்பு'. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். கல்லாறு தாண்டி, பர்லியார் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று மேலே போய்ச் சேரும்போது காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காற்று மெலிந்த சங்கதி கார்புரேட்டருக்குத் தெரியாது. அது காற்றின் கன அளவைத்தான் பார்க்கும், எடையைப் பார்க்காது. கீழே ஊற்றிய அதே கையோடு மேலேயும் ஊற்றும். குன்னூர் போவதற்குள் வண்டி கறுப்பாகப் புகைவிடும், நின்று நின்று ஓடும். இதற்குப் பெரியப்பாவின் வைத்தியம், புறப்படும் முன்பே ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பிப் பெட்ரோலைக் குறைத்துவிடுவது. கட்டணம் ஐந்து ரூபாய். இறங்கி வரும்போது பழையபடி வைத்துக்கொடுப்பது இலவசம். மெட்ராஸிலிருந்து குடும்பத்தோடு அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் வருகிறவர்கள், வனபத்ரகாளியம்மன் கோயிலில் ஒரு தேங்காய், எங்களிடம் ஒரு திருப்பு என்று இரண்டையும் முடித்துக்கொண்டு தைரியமாக ஏறுவார்கள். கூடலூர் வழியாக மைசூர்ப் பக்கம் இறங்கிப் போனவர்களுக்கு அந்தக் கால் சுற்றை யார் திருப்பிக் கொடுத்தார்கள் என்று நான் கவலைப்பட்டதுண்டு. பெரியப்பா கவலைப்பட்டதில்லை.

பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரச்சாக்கு சுற்றுவதையும் சொல்லிவிட வேண்டும். மேட்டில் எஞ்சின் காய்ந்து, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோகும். அதற்கு 'ஏர் லாக்' என்று பெயர். உண்மையில் அடைத்தது காற்று அல்ல, பெட்ரோல் ஆவி. பெயர் தப்பானாலும் சாக்கு வேலை செய்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் ஆட்டோமொபைல் டிப்ளமோ சேர்ந்தேன். இரண்டாம் வருஷம், கார்புரேட்டர் பாடம் நடத்திய அன்று எனக்கு ராத்திரி தூக்கமில்லை. பெரியப்பா திருப்புகிற ஸ்க்ரூவின் ராஜ்யம் வெறும் ஐட்லிங்கில் மட்டும்தான். ஆக்சிலேட்டரை மிதித்து வண்டி ஏற ஆரம்பித்துவிட்டால், பெட்ரோல் மெயின் ஜெட் வழியாகப் போகிறது. மெயின் ஜெட் என்பது பித்தளையில் போட்ட ஓட்டை. ஸ்க்ரூவுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதாவது, பத்து வருஷமாக மலையேறியவர்கள் அந்த ஐந்து ரூபாய்க்கு வாங்கிப் போனது பெரும்பாலும் மனத்தைரியம். தேங்காய்க்கும் திருப்புக்கும் நான் நினைத்த அளவு வித்தியாசம் இல்லை.

அடுத்த லீவில் இதைப் போய்ச் சொன்னேன். இருபது வயசுக்காரனுக்கே உரிய பரிதாபத்தோடு சொன்னேன். பெரியப்பா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, "செரி, அப்ப குன்னூர் பஸ் ஸ்டாண்டு டிராபிக்ல ஐட்லிங் நிக்காம வண்டி ஆஃப் ஆனா, உம்பட புஸ்தகம் வந்து தள்ளுமா?" என்றார். மேலேயே குடியிருக்கிறவர்களுக்கு அவர் ஜெட்டையே ஒரு நம்பர் சின்னதாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சின்ன ஜெட் கைவசம் இல்லாதபோது, இருக்கிற ஜெட்டின் ஓட்டையில் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை நுழைத்துவிடுவார். ஆக ராஜ்ய எல்லையெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. டூரிஸ்டுகளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெரியப்பா ஒர்க்‌ஷாப் ஆரம்பித்தது 1976ல். அதே வருஷம், இதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு மூலையில், பாஷ் கம்பெனி செய்த ஒரு சமாச்சாரத்தைச் சைலன்சர் பைப்பில் முடுக்கிக்கொண்டு சுவீடனின் வோல்வோ கார் வெளிவந்தது. கலிஃபோர்னியாவின் புகைச் சட்டத்துக்குப் பயந்து செய்த ஏற்பாடு. லாம்டா சென்சார் என்று பெயர், ஆக்ஸிஜன் சென்சார் என்றாலும் அதுதான். வோல்வோவுக்கு அதில் எவ்வளவு பெருமை என்றால், 'லாம்டா சோண்ட்' என்று காரின் முகப்பில் பட்டயமே மாட்டியது. மூக்கை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். பெரியப்பா எங்கே குந்தினாரோ, அதே புகைப் பாதையில், இன்னும் கொஞ்சம் முன்னால். அவர் மூக்குக்கு மட்டும் யாரும் பட்டயம் மாட்டவில்லை.

அந்த சென்சாரின் வேலையைப் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு நான் கல்யாணப் பந்தியை வைத்துத்தான் சொல்லித் தருவேன். அனுபவமுள்ள சமையல் மாஸ்டர் பந்தி நடக்கிற இடத்துக்கே வரமாட்டார். கொல்லைப்பக்கம் போய், எடுத்துப் போட்ட இலைகளைப் பார்ப்பார். இலையில் சோறு மிஞ்சிக் கிடந்தால் ஆள் குறைவு, அடுத்த பந்திக்கு இன்னும் பத்துப் பேரைக் கூப்பிடலாம். இலை வழித்து நக்கியதுபோல் இருந்தால் ஆள் அதிகம், குறைக்க வேண்டும். எஞ்சினில் சோறு என்பது காற்றிலுள்ள ஆக்ஸிஜன், சாப்பிட வந்த ஆட்கள் பெட்ரோல். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். லிட்டரில் சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் ஒன்பதாயிரம் லிட்டர் காற்று. நாம் பங்க்கில் காசு கொடுத்து வாங்குவது விருந்தாளிகளை மட்டும்தான், விருந்து முழுக்க ஊர்க் காற்று. புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனைப் பார்த்து சென்சார் சேதி சொல்ல, காரிலுள்ள கம்ப்யூட்டர், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறக்கிற நேரத்தைக் கூட்டும், குறைக்கும்.

உள்ளே இருப்பது விரல் உறை மாதிரி ஒரு சிர்கோனியா பீங்கான், இருபுறமும் பிளாட்டினம் பூச்சு. வெளிப்புறம் புகையில், உள்புறம் வெளிக்காற்றில். இரண்டு பக்கத்துக்கும் ஆக்ஸிஜன் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் பக்கம், காற்று அதிகமானால் 0.1 வோல்ட் பக்கம். ஆனால் சுமார் முந்நூறு டிகிரி சூடாகாமல் அது வாயே திறக்காது. காலையில் காபி குடிக்காத மனிதர் மாதிரி. இந்தக் கணக்குக்கு மூலம் 1889ல் வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி எழுதிய சமன்பாடு. அவரே 1897ல் இதே சிர்கோனியா வகையறாவை வைத்து ஒரு விளக்கும் கண்டுபிடித்தார். அந்த விளக்கும் முதலில் சூடேற்றிவிட்டால்தான் எரியும். 1920ஆம் வருஷத்து வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதெல்லாம் இல்லை. மனிதர் கார்ப் பைத்தியம். மேடு ஏறத் திணறிய தன் காருக்குள், டாக்டர்கள் மயக்கத்துக்குக் கொடுக்கிற சிரிப்பூட்டும் வாயுவை விட்டு ஏற்றினார் என்று ஒரு கதை உண்டு. மேட்டுப்பாளையத்தில் பிறந்திருந்தால் எங்களுக்குப் போட்டியாகப் புளியமரத்துக்கு எதிரே கடை போட்டிருப்பார்.

சென்சார் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்னால் பெட்ரோலிலிருந்து ஈயம் போக வேண்டியிருந்தது. ஈயம் பட்டால் சென்சாரும் கெடும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் கெடும். 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயத்துக்கு விடை கொடுத்தார்கள். குழந்தைகளின் மூளைக்கும் ரத்தத்துக்கும் நல்லது நடந்தது. பெரியப்பாவுக்குத்தான் நஷ்டம்: பிளக்கின் நிறம் மாறிப்போனது. அவர் போற்றிய காபிப்பொடி நிறத்தில் ஈயத்துக்கும் பங்கு இருந்திருக்கிறது. புதுப் பெட்ரோலில் நல்ல எஞ்சினின் பிளக்கும் வெளிறித் தெரிய, எல்லா வண்டிக்கும் விபூதி ஜோசியம் சொல்லிக்கொண்டு கொஞ்ச நாள் திண்டாடினார்.

இன்ஜெக்‌ஷன் கார் முதன்முதலில் புளியமரத்தடிக்கு வந்த நாள் நானும் இருந்தேன். பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். "திருப்பறதுக்கு ஒண்ணுமே இல்லியேடா!" கடைசியில் த்ராட்டில் அருகே பெயிண்ட் வைத்து அடைத்த ஒரு ஸ்க்ரூவைக் கண்டுபிடித்து, பெயிண்டைச் சுரண்டிவிட்டுத் திருப்பினார். எஞ்சின் வேகம் எழும்பியது. அவர் முகம் மலர்ந்தது. மூன்று விநாடியில் எஞ்சின் தானாகவே பழைய வேகத்துக்கு இறங்கிவிட்டது. இன்னொரு திருப்பு. எழும்பியது, இறங்கியது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "உள்ளுக்குள்ள எவனோ உக்காந்துக்கிட்டு நான் தொறக்கத் தொறக்க மூடறான்."

அந்த எவனோவுக்குத்தான் நான் பிறகு கோவையில் ஒரு சர்வீஸ் சென்டரில் இருபது வருஷம் ஊழியம் பார்த்தேன். ஏ.சி. அறை, இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், கையில் ஸ்கேனர். கரி கையில் படாமல் எஞ்சினுக்குள் நடப்பதெல்லாம் திரையில் தெரியும். அதில் 'லாங் டெர்ம் ட்ரிம்' என்று ஒரு எண் இருக்கிறது. கம்ப்யூட்டர் நாள்பட நாள்பட எவ்வளவு பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ பழகியிருக்கிறது என்பதைச் சதவீதமாகச் சொல்லும். பத்துக்குள் இருந்தால் ஆரோக்கியம், இருபதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. நாடி பிடித்துப் பார்ப்பதுபோல் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வண்டியின் குணத்தையே சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. எலி கடித்த சென்சார் வயரை நானே நறுவிசாகப் பற்றவைத்து, தண்ணீர் போகாமல் பசை பூசி அடைத்து, அதனாலேயே சென்சாரை மூச்சுமுட்டவைத்த பிறகும் அந்தக் கர்வம் குறையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை அது வயரின் இழைகளுக்கு இடையிலிருந்துதான் இழுத்துக்கொள்கிறதாம். வயருக்கும் மூக்கு உண்டு என்று எங்கள் பாடத்தில் இல்லை.

கர்வம் இறங்கியது குன்னூர் எஸ்டேட் அதிகாரி ஒருவரின் காரில். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, மைலேஜ் விழுந்துவிட்டது என்று வந்தார். ஸ்கேனர் பி-0171 என்றது. காற்று மிகுதி, பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ட்ரிம் இருபதுக்கு மேல். சென்சாரை மாற்றினோம். மூன்றாம் நாள் அதே விளக்கு. இன்ஜெக்டரைக் கழுவினோம், பெட்ரோல் பம்ப்பின் அழுத்தத்தை அளந்தோம், காற்று ஹோஸ் ஒவ்வொன்றின் மேலும் ஸ்ப்ரே அடித்துக் கசிவு தேடினோம். பில் நீண்டது, விளக்கு அணையவில்லை. அப்போது ஒரு பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்கரி.

நம்புங்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன். பெட்ரோல் போதவில்லை என்கிறது திரை. பெட்ரோல் வழிந்து கரி படிந்து கிடக்கிறது என்கிறது கை. எட்டு வயசில் கற்ற எழுத்து கண்ணெதிரே இருக்கிறது, நான் திரையைத்தான் நம்பினேன். பிளக்கைத் துடைத்துத் திரும்பப் போட்டுவிட்டு, இன்னொரு புது சென்சாருக்கு ஆர்டர் எழுதினேன்.

காப்பாற்றியவர் பெரியப்பா அல்ல. அவருக்கு அதற்குள் காது மந்தமாகிவிட்டது. காப்பாற்றியவர் எங்கள் வாட்ச்மேன். காலையில் வண்டிகளை ஷெட்டிலிருந்து வெளியே நிறுத்துவது அவர் வேலை. டீ வாங்கிக் கொடுக்கும்போது போகிறபோக்கில் சொன்னார்: "சார், அந்த எஸ்டேட் வண்டி காத்தால ஸ்டார்ட் பண்ணுனா பல்லி கத்தற மாதிரி டிக் டிக்குங்குது. அஞ்சு நிமிசத்துல நின்னு போகுதுங்க." பல்லி சொல்லுக்குப் பலன் உண்டு என்று பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போய் நின்றேன். எஞ்சினிலிருந்து புகை இறங்கும் மேனிஃபோல்டில், சென்சாருக்கு நாலு விரற்கடை முன்னால், வெல்டிங் ஓரமாக மயிரிழை விரிசல். சூடானால் இரும்பு விரிந்து சத்தம் அடங்கிவிடும்; விரிசல் முழுசாக மூடிவிடாது. புகை ஒரே சீராகப் போவதில்லை, துடித்துத் துடித்துப் போகிறது; ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே அந்த விரிசல் வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. கொல்லையில் கிடந்த இலையில் தெருவில் போகிற எவனோ இரண்டு கைப்பிடி சோற்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சமையல் மாஸ்டர் அதைப் பார்த்து, ஆள் பத்தவில்லை, கூப்பிடு கூப்பிடு என்று கத்திக்கொண்டிருந்தார். சென்சார் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கழற்றிப்போட்ட பழைய சென்சார்கூட நன்றாகத்தான் இருந்தது. அது இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

2020 ஏப்ரல் 1ல் பி.எஸ்.6 என்ற புதுப் புகை விதி வந்தது. ஊரடங்கில் நாடே கதவைச் சாத்திக்கொண்டிருந்த வாரம். புது பைக்குகளிலிருந்து கார்புரேட்டர் கிட்டத்தட்ட ஒட்டுமொத்தமாகப் போய்ச் சேர்ந்தது. எழவுக்கு ஒரு ஆள் வரவில்லை. செய்தியைப் போனில் சொன்னேன். "போச்சாது போ, அதுக்கும் வயசாச்சு" என்றார் பெரியப்பா. ஆனால் பாடையிலிருந்து எழுந்து உட்காருகிற மாதிரி ஒரு காரியமும் நடந்தது. பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்தார்கள். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது, கட்டுச்சோற்றோடு பந்திக்கு வரும் விருந்தாளி. நான் பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட 14.7, இந்தக் கலவையில் 13.5 பக்கம் வந்துவிட்டது. சென்சார் வைத்த வண்டி அதை மோப்பம் பிடித்து, யாரிடமும் சொல்லாமல் பெட்ரோலைக் கூட்டிக்கொள்கிறது. பழைய புல்லட் என்ன செய்யும்? மூக்கு இல்லாத ஜீவன். ஆக, மூடிக் கிடந்த ஒர்க்‌ஷாப்பைத் தேடிக்கொண்டு, தாத்தா காலத்து பைக்கைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கும் ஐ.டி. கம்பெனிப் பையன்கள் சனிக்கிழமைகளில் வர ஆரம்பித்திருக்கிறார்கள். பெரியப்பா ஸ்டூலில் உட்கார்ந்தபடி சைகை காட்ட, அவர் பேரன் ஸ்க்ரூவைத் திருப்புகிறான். கட்டணம் ஐந்நூறு. அதில் மனத்தைரியம் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை.

போன மாதம் ஊட்டியில் ஒரு கல்யாணம். பெரியப்பாவை என் காரில் முன்சீட்டில் உட்காரவைத்து அழைத்துப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காதில் மெஷின். சுற்றுப்புற இரைச்சலுக்கு ஏற்பத் தானே டியூன் செய்துகொள்கிற மெஷினாம். அதையும் அடிக்கடி கழற்றித் திருப்பிப் பார்த்து ஸ்க்ரூ தேடுகிறார். அவருக்குக் காட்ட வேண்டும் என்றே, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சின்னக் கருவி ஒன்றை மாட்டி, சென்சாரின் வோல்ட்டேஜ் என் போனில் கோடாக ஓடும்படி வைத்திருந்தேன். கல்லாறு வரை மனிதர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 0.1க்கும் 0.9க்கும் நடுவே கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கி, விநாடிக்கு ஒரு தடவை, சில நேரம் இரண்டு தடவை.

"என்ன கண்ணு இது, ஈ.சி.ஜி. மாதிரி இருக்குது?"

"பெட்ரோல் சாஸ்தியா, கம்மியான்னு பாக்குது பெரியப்பா. மேல போனா சாஸ்தி, கொறைக்கும். கீழ வந்தா கம்மி, கூட்டும்."

"நேரா நிக்காதா?"

"நேரா நின்னா சென்சார் செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"எம்பட டாக்டரும் அதையேதான் சொன்னாரு."

பர்லியாருக்கு மேல் செங்குத்தான ஒரு மேட்டில், முன்னால் போன லாரியைத் தாண்ட ஆக்சிலேட்டரை ஒட்ட மிதித்தேன். கோடு 0.9ல் போய் ஒட்டிக்கொண்டது. நின்றுவிட்டது என்று பதறினார். முழுசாக மிதித்தால் எஞ்சினுக்குப் பலம்தான் முக்கியம், கம்ப்யூட்டர் சென்சாரின் பேச்சைக் கேட்காமல் வேண்டுமென்றே பெட்ரோலை அதிகமாக ஊற்றும் என்று விளக்கினேன். "அப்ப மேட்டுல இவன் வேலைக்கு ஆகமாட்டான்?" என்று கேட்டுவிட்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு திருப்தியாக அவரைப் பார்த்து வருஷங்கள் ஆயிற்று.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் வழக்கம்போல டிராபிக். எஞ்சின் ஐட்லிங்கில் சத்தமே இல்லாமல் நின்றது. கோடு மறுபடி மேலும் கீழும் போய்வர ஆரம்பித்தது. பெரியப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் மேல் வைத்திருந்த வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கோட்டோடு சேர்ந்து இம்மி இந்தப் பக்கம், இம்மி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. அது அவருக்குத் தெரியவில்லை. முன்னால் பஸ் நகர்ந்ததும் கேட்டார்:

"இது எப்பத்தான் முடியும்?"

"முடியாது பெரியப்பா. வண்டி ஓடற வரைக்கும் இப்படித்தான்."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப பில்லு எப்பப் போடுவான்?"